அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி

(கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து ஜப்பான்காரனுடைய எனாமல் பாத்திரத்தைப் பற்றிப் பேசுகிறாரே, மிளகு விலையைப் பற்றிப் பேசினால் ஆகாதா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ்நாட்டு அடுக்களையிலிருந்து எனாமல் வெளியேறிய கதையில் உங்கள் மலைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு ஜப்பானுக்குப் போகிறேன்.

இந்த மலையின் மேட்டு நிலத்தில் பாக்சைட் இருக்கிறது. 1965-ல் மேட்டூரில் மால்கோ அலுமினிய ஆலை ஓடத் தொடங்கியபோது அணையின் மின்சாரம் பக்கத்திலேயே கிடைத்தது. தாதுமண் ஏற்காட்டிலிருந்தும் இங்கிருந்தும் லாரி லாரியாக இறங்கியது. வயதானவர்களுக்கு அந்த லாரிகள் நினைவிருக்கும். அலுமினியப் பாத்திரம் அதற்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் வந்துவிட்டது. 1898-ல் சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்காரர் அலுமினியத் தகட்டை வாங்கிப் பாத்திரம் அடிக்கச் சொல்லிக்கொடுத்தார். இந்தியாவில் அந்தத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டதே அவர்தான். ஆனால் அப்போது தகடு கப்பலில் வந்தது. மேட்டூர் வந்த பிறகு உலோகம் உள்ளூர்ச் சரக்காகிவிட்டது. மேட்டூர் அலுமினியம் முழுக்கக் குண்டானாகவும் சட்டியாகவும் போனது என்று சொல்லவில்லை. அதற்கு வேறு ஆயிரம் வேலை இருந்தது. ஆனாலும் எனாமல் தட்டு இருந்த இடத்தில் அலுமினியத் தட்டு உட்கார்ந்த காலம் அதுதான்.

அடுத்தது எவர்சில்வர். அந்த ஆசை நம் பெண்களை உருக்காலை வருவதற்கு முன்பே பிடித்துக்கொண்டது. பழைய பட்டுப்புடவையைப் போட்டு எவர்சில்வர் குடம் வாங்கிய வீடுகள் எத்தனையோ. 1981-ல் கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டத் தொடங்கியது. ஆக, எனாமலுக்குப் போட்டியாக வந்த இரண்டில் ஒன்று உங்கள் மலைமேல் இருந்து இறங்கியது, இன்னொன்று மலைக்கு வடமேற்கே இருந்து வந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் வந்திருக்கவே வேண்டாம். அலுமினியமும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் ஜப்பானுக்கும்தான் போயின. நம்மைவிட முன்னாலேயே, நம்மைவிட அதிகமாகவே போயின. ஆனால் தோக்கியோவில் 1934-ல் தொடங்கிய நோதா ஹோரோ இன்றும் எனாமல் பாத்திரம் செய்கிறது. 1947-ல் தொடங்கிய ஃபுஜி ஹோரோவும் செய்கிறது. விலை மலிவில்லை. வாங்குகிறவர்கள் கிழவிகள் மட்டுமில்லை. கல்யாணமாகிப் புதிதாகக் குடித்தனம் வைக்கிற பெண்களும் வாங்குகிறார்கள். அங்கே நிலைத்தது இங்கே ஏன் நிலைக்கவில்லை? ஜப்பான்காரர்களுக்கு அழகுணர்ச்சி அதிகம், பழமையில் பற்று அதிகம் என்று ஒரு பதில் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. பாத்திரத்தை எந்த வேலைக்கு வைத்தார்கள் என்று பார்த்தால் பதில் வேறாக இருக்கிறது.

முதலில், எனாமல் என்பது என்ன? பலர் அதைப் பெயிண்ட் என்று நினைக்கிறார்கள். பெயிண்ட் இல்லை, கண்ணாடி. குவார்ட்ஸ் கல், ஃபெல்ட்ஸ்பார், வெங்காரம், சோடா இவற்றைச் சேர்த்து உருக்கி, தணலாக இருக்கும்போதே தண்ணீரில் கொட்டுவார்கள். அது நொறுங்கிச் சில்லு சில்லாகும். அதைக் கொஞ்சம் களிமண்ணும் தண்ணீரும் விட்டுத் தோசைமாவுப் பதத்துக்கு அரைத்து, வடிவம் கொடுத்த இரும்புப் பாத்திரத்தை அதில் முக்கியெடுத்துக் காயவைத்து, 800 முதல் 850 டிகிரி வெப்பத்தில் உலையில் சில நிமிடம் சுடுவார்கள். கண்ணாடி உருகி இரும்பைப் பற்றிக்கொள்ளும்.

சும்மா பற்றிக்கொள்ளாது. முதல் பூச்சில் கோபால்ட் ஆக்சைடு சேர்த்தால்தான் பற்றும். சிலர் நிக்கலும் சேர்ப்பார்கள். கோபால்ட் வந்தால் நிறம் கருநீலம்தான். அதனால்தான் வெள்ளை எனாமலில் ஒரு சில்லு தெறித்தால் உள்ளே கருப்பாகத் தெரிகிறது. அந்த முதல் பூச்சின் மேல் வெள்ளைப் பூச்சைப் போட்டு மறுபடி சுட வேண்டும். பாத்திரம் ஆறும்போது இரும்பு அதிகமாகச் சுருங்கும், கண்ணாடி குறைவாகச் சுருங்கும். இரும்பு இழுக்க இழுக்கக் கண்ணாடி நெருக்கப்பட்டு நிற்கும். நெருக்குதலைக் கண்ணாடி தாங்கும்; இழுவையைத்தான் தாங்காது. சாதாரணக் கண்ணாடித் தம்ளர் உடைகிற சூட்டில் எனாமல் குவளை உடையாததற்கு இது ஒரு காரணம். ஆனால் ஓரத்தில் ஓங்கி ஓர் அடி பட்டால் அந்த நெருக்கமே சில்லைத் தெறிக்க வைத்துவிடும்.

இந்தச் சாமான் பட்டியலைக் கேட்டபோது உங்களுக்கு ஏதாவது தோன்றியதா? குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் நாமக்கல் மாவட்டத்திலேயே வெட்டியெடுக்கிறார்கள். இரும்புக்கும் பஞ்சமில்லை. 1864-ல் கிங், ஃபூட் என்ற இரண்டு நிலவியலாளர்கள் சேலம் பக்கத்து இரும்புத் தாதுவை வகை பிரித்து எழுதியபோது ஒரு தொகுதிக்குத் தலைமலை-கொல்லிமலை என்றே பெயர் வைத்தார்கள். அதற்கும் முன்னால், 1830களில், ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சேலத்துத் தாதுவைப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோய் உருக்கிப் பார்த்துக் கடனில் மூழ்கினார். வெங்காரமும் கோபால்ட்டும்தான் வெளியிலிருந்து வர வேண்டும். இவ்வளவு இருந்தும் இந்தப் பக்கத்தில் எனாமல் தொழில் வேர் பிடிக்கவில்லை. கல்கத்தாவுக்கு வடக்கே பல்தாவில் பெங்கால் எனாமல் ஒர்க்ஸ் இருந்தது. நம் பக்கத்துக்கு எனாமல் என்றாலே கப்பல் சாமான்தான்.

கப்பல் சாமான் என்றால் செட்டிநாட்டைச் சொல்லாமல் முடியாது. அங்குள்ள வணிகர்களான நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை வைத்திருந்த காலம். ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிடைத்த எனாமல் அடுக்குகளும் தூக்குகளும் பேசின்களும் காரைக்குடி, தேவகோட்டை வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. அவர்கள் வீட்டில் அதற்கு மங்குச் சாமான் என்று பெயர். திருப்பிப் பார்த்தால் அடியில் ஊர்ப்பெயர் இருக்கும்: ஸ்வீடன், செக்கோஸ்லோவாகியா, ஆஸ்திரியா, ஜப்பான். ஸ்வீடனின் காக்கும்ஸ் கம்பெனி 1890களிலேயே எனாமல் செய்யத் தொடங்கிய பழைய கை. அதன் பாத்திரத்தைக் கையில் எடுத்தால் கனம் தெரியும். ஜப்பான் சாமான் அதைவிட மெல்லிசு, விலையும் மலிவு.

மலிவாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 1931 டிசம்பரில் ஜப்பான் தன் பணத்தைத் தங்கத்தோடு கட்டி வைத்திருந்த முறையைக் கைவிட்டது. யென்னின் மதிப்பு சரிந்தது. ஜப்பான் சரக்கு ஆசியச் சந்தையெங்கும் பாதி விலைக்கு வந்து குவிந்ததுபோல் ஆயிற்று. துணி, பொம்மை, கண்ணாடி, சைக்கிள் சாமான், எனாமல் எல்லாம்தான். பிரிட்டிஷ் முதலாளிகள் கூச்சல் போட்டார்கள். 1932-ல் ஆட்டாவா மாநாட்டில் சாம்ராஜ்யத்துக்குள் ஒருவருக்கொருவர் வரிச்சலுகை கொடுத்துக்கொள்வதென்று ஒப்பந்தமானது. 1933-ல் இந்தியாவில் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது முக்கியமாகக் குறிவைத்தது ஜப்பான் சரக்கைத்தான். அந்த நாளில் நம்மவர்கள் வாயில் ஜப்பான் சாமான் என்றால் இளக்காரம். இன்று அதே பெயரைச் சொல்லி நான்கு மடங்கு விலை வைக்கிறார்கள். இளக்காரமாகச் சொன்ன தலைமுறைக்கும் விலை கொடுக்கிற தலைமுறைக்கும் நடுவில் ஒரு யுத்தம் இருக்கிறது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மாவில் நகரத்தார் போட்ட பணம் அங்கேயே நின்றது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பான் ராணுவம் இழுத்துக்கொண்டுபோன தமிழர்கள் சயாம்-பர்மா ரயில்பாதை போடும்போது ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஜப்பானியப் பொருளின் நேர்த்தியைப் பற்றித் தமிழில் பேசுகிறவன் இந்த ஒரு வாக்கியத்தையாவது சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

செட்டிநாட்டுக்குத் திரும்புவோம். அங்கே கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி வைப்பது வழக்கம். பித்தளை, வெண்கலம், வெள்ளி, இரும்பு, மரம், அவற்றோடு எனாமலும் வரிசையாக இருக்கும். அந்த எனாமல் சாமான்கள் இன்றும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. எண்பது தொண்ணூறு வருஷப் பாத்திரம், பளபளப்புக் குறையவில்லை. ஏன்? அவை அடுப்பேறவில்லை. பலகாரம் வைக்க, ஊறுகாய் வைக்க, பந்தியில் பரிமாற, தூக்கில் போட்டு எடுத்துப்போக, மிச்ச நாளெல்லாம் இரண்டாங்கட்டு அறையில் கவிழ்ந்து கிடக்க. பெரிய அடுப்பில் வெண்கலமும் இரும்பும் மண்ணும் உழைத்தன. எனாமல் எப்போதும் நெருப்பிலிருந்து இரண்டடி தள்ளியே இருந்தது.

மற்ற வீடுகளில் நடந்தது நேர்மாறு. எனாமல் பாத்திரத்தை வாங்கிய கையோடு அடுப்பில் வைத்தார்கள். நம் சமையலை நினைத்துப் பாருங்கள். வெறும் சட்டியைக் காயவிடுகிறோம், புகை வந்த பிறகு எண்ணெய் ஊற்றுகிறோம், கடுகு வெடிக்கிறது, அதில் சில்லென்று புளித்தண்ணீரைக் கொட்டுகிறோம். கண்ணாடிக்கு இதைவிடப் பெரிய சித்திரவதை வேண்டாம். இரும்பும் கண்ணாடியும் ஒரே வேகத்தில் விரிந்து சுருங்குகிற பொருள்கள் இல்லை என்று சொன்னேனே, ஒவ்வொரு தாளிப்பிலும் அந்தச் சண்டை நடக்கும். பிறகு கரண்டியால் தட்டுகிறோம். கழுவும்போது சாம்பலும் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் போட்டு அழுத்தித் தேய்க்கிறோம். பித்தளைக்குப் பழகிய கை அப்படித்தான் தேய்க்கும். விறகடுப்பில் தணல் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம். சில மாதத்தில் அடியில் மயிரிழை மயிரிழையாக விரிசல், ஓரத்தில் கருப்புப் பொட்டு, அங்கிருந்து துரு. சில்லு சோற்றில் விழுந்தால் குழந்தை வயிற்றுக்குள் போய்விடும் என்ற பயம் வேறு. பயம் நியாயமானதுதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு, கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அமிலமும் மருந்தும் அரிக்காது, கொதிநீரில் போட்டு எடுக்கலாம் என்பதால் ஆஸ்பத்திரிகள் எனாமலை எடுத்துக்கொண்டன. வெள்ளை உடம்பு, நீல விளிம்பு. கட்டு அவிழ்த்த பஞ்சைப் போடுகிற தட்டும் அது, எச்சில் துப்புகிற கிண்ணமும் அது, படுக்கையிலேயே வைக்கிற பாத்திரமும் அது. அரசாங்க ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்துவிட்டு வந்த மனுஷிக்கு அதே வெள்ளையில் அதே நீல விளிம்போடு சோற்றுத் தட்டைக் கொடுத்தால் சோறு இறங்குமா? ஆசாரம் பார்த்த வீடுகளில் வேறு ஒரு குழப்பம். மண் என்றால் எச்சில் பட்டதும் ஆகாது, உலோகம் என்றால் கழுவினால் ஆகும். இது பார்க்க மண், தட்டினால் உலோகம். எந்தக் கணக்கில் சேர்ப்பது? பேசாமல் திண்ணையில் வைத்துவிட்டார்கள். ஆக நம் ஊரில் எனாமலுக்குக் கடைசியில் கிடைத்த இடங்கள்: கைகழுவும் பேசின், நாய்க்குச் சோறு வைக்கும் தட்டு, டாக்டர் வீட்டு வாசல் பெயர்ப் பலகை.

அந்தப் பெயர்ப் பலகையை நான் குறைவாகச் சொல்லவில்லை. வெயிலில் மழையில் ஐம்பது வருஷம் நின்றும் நீலம் மங்காத பலகைகள் உண்டு. ஜப்பானிலும் கிராமத்துச் சுவர்களில் எனாமல் விளம்பரத் தகடுகள் புகழ்பெற்றவை. அதில் மிகப் பேர்போன ஒன்று எதற்கு என்று நினைக்கிறீர்கள்? குழம்புக்கு! 1968-ல் ஓத்சுகா கம்பெனி பான் கறி என்ற பெயரில் பையில் அடைத்த கறிக்குழம்பை விற்கத் தொடங்கியது. மத்சுயாமா யோகோ என்ற நடிகை கிமோனோ கட்டிக்கொண்டு குழம்புப் பெட்டியைக் கையில் ஏந்திச் சிரிக்கிற தகடு ஊர் ஊராக அடித்து வைக்கப்பட்டது. இன்று அந்தத் தகட்டைச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, ஜப்பானுக்கு வந்துவிட்டோம். அங்கே எனாமல் பாத்திரத்தின் தொடக்கத்தை 1866 வாக்கில், மியே பகுதியின் குவானா ஊர் வார்ப்பிரும்புப் பானையில் வைத்துச் சொல்கிறார்கள். அது எங்கேயும் போல ஐரோப்பியரிடம் பார்த்துக் கற்றதுதான். ஏற்றுமதிக் காலம் போய், யுத்தம் போய், 1950களிலும் 60களிலும் பூப்போட்ட எனாமல் சட்டிகள் அங்கே கல்யாணப் பரிசாக ஓடின. அதன் பிறகு அவர்களுக்கும் நமக்கு வந்த கதியே வந்தது. எவர்சில்வர், பிளாஸ்டிக், ஒட்டாத பூச்சுப் பூசிய தவா, வெளிநாட்டு மலிவுச் சரக்கு. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. எனாமல் கம்பெனிகளில் தகட்டை அழுத்தி வடிவம் கொடுப்பதிலிருந்து பூச்சு, சூளை வரை எல்லாவற்றையும் தன் கூரைக்குள்ளேயே செய்கிற இடமாக நோதா ஹோரோ நின்றது. அதன் ஆலை தோச்சிகியில் இருக்கிறது. பாத்திரங்களை முக்கியெடுப்பதும் சூளைக்குத் தொங்கவிடுவதும் அங்கே பெரும்பாலும் மனிதக் கைகள்தான். தொங்கவிட்ட கொக்கி பட்ட இடத்தில் ஒரு சின்ன வடு இருக்கும். வாங்குகிறவர்கள் அதைக் குறையாக எண்ணுவதில்லை.

2003-ல் அவர்கள் வெள்ளை வரிசை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நோதா குடும்பத்தைச் சேர்ந்த யோஷிகோ என்ற அம்மையாரின் யோசனை அது. பூ இல்லை, கோடு இல்லை, வெறும் வெள்ளைப் பெட்டிகள். சதுரம், நீள்சதுரம், வட்டம். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கலாம். எனாமல் மூடியும் உண்டு, ஒட்டிக்கொள்ளும் மூடியும் உண்டு. சமைத்ததை வைக்கலாம், ஃபிரிட்ஜில் வைக்கலாம், வேண்டுமென்றால் அப்படியே மெல்லிய தீயில் சூடு காட்டலாம், மேஜையில் வைத்துப் பரிமாறலாம். கறை பிடிக்காது, நாற்றம் பிடிக்காது. நேற்று வெங்காயம் வைத்த பெட்டியில் இன்று தயிர் வைக்கலாம். பிளாஸ்டிக் டப்பாவில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு அருமை தெரியும். கவனியுங்கள்: அந்த அம்மையார் சட்டி செய்யவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து கொஞ்சம் விலகி நின்று வேலை செய்கிற பாத்திரத்தைச் செய்தார். காரைக்குடி ஆச்சிமார் வழக்கத்தால் செய்ததை அவர் யோசித்துச் செய்தார்.

அங்கே அந்த வேலைக்கு ஏற்கெனவே ஒரு வழக்கமும் இருந்தது. அரிசித் தவிட்டில் உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, அதற்குள் வெள்ளரி, கத்தரி, முள்ளங்கியைப் புதைத்து வைப்பார்கள். ஓரிரு நாளில் புளித்து ஊறுகாயாகும். நுகாசுகே என்று பெயர். தவிட்டைத் தினமும் கையால் கிளறிவிட வேண்டும். நல்ல வீட்டில் ஒரே தவிடு வருஷக்கணக்கில் ஓடும். நாம் மாட்டுக்குப் போடுகிற தவிட்டை அங்கே மாமியாரிடமிருந்து மருமகள் வாங்கிக்கொள்கிறாள்! முன்பு இதற்கு மரத்தொட்டி. அடுக்குமாடி வீடு வந்தபின் தொட்டிக்கு இடமேது? உப்பும் புளிப்பும் சேர்ந்த இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும், பிளாஸ்டிக்கில் வாடை ஏறும், கண்ணாடி ஜாடி கனம், கைநழுவினால் உடையும். எனாமல் பெட்டி ஃபிரிட்ஜ் தட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்கென்றே தனிப் பெட்டி செய்து விற்கிறார்கள். வேறு பாத்திரத்தால் இவ்வளவு நன்றாகச் செய்ய முடியாத ஒரு வேலை கிடைத்ததால் எனாமல் அங்கே பிழைத்தது.

இன்னொரு வேலை காப்பி. உங்கள் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏறிய மரநிழலில் காப்பி விளைகிறது, ஆகவே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஜப்பானியக் காப்பிக்கடைகளில் பொடியை வடிதாளில் போட்டு மேலிருந்து கொதிநீரை நூல்போல் ஊற்றுவார்கள். நம் பில்டரில் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டுப் போய்விடுகிறோம். அங்கே கை நின்று ஊற்ற வேண்டும். அதற்கு மூக்கு மெல்லிசாக, வளைந்து, அடியிலிருந்து கிளம்புகிற கெட்டில் தேவை. நிலா முயல் முத்திரை போட்ட ஒல்லிக் கெட்டில் ஒன்று அதில் பெயர்பெற்றது. நிலாவில் முயலைப் பார்ப்பதில் நம் கிழவிகளும் அவர்கள் கிழவிகளும் ஒரே கட்சி. கொய்சுமி மகோதோ என்ற வடிவமைப்பாளர் செய்த கைகோ வரிசைக் கெட்டிலும் உண்டு. பளபளப்பில்லாத வெள்ளை, மரப்பிடி, பார்க்கச் சாது. வெறும் தண்ணீர் கொதிக்கிற பாத்திரத்தில் தாளிப்புக் கிடையாது, கரண்டி கிடையாது, நார் போட்டுத் தேய்ப்பதும் கிடையாது. அடுப்பில் வைக்கத்தான் வைக்கிறார்கள், ஆனால் கண்ணாடிக்கு நோகாத வேலையாகப் பார்த்து வைக்கிறார்கள்.

அழகு என்பதை நான் ஒதுக்கவில்லை. வெள்ளை எனாமலுக்குப் பீங்கானின் மெருகும் இரும்பின் தைரியமும் சேர்ந்து இருக்கின்றன. கையில் எடுத்தால் பீங்கானைவிட லேசு. ஆனால் அழகு மட்டும் இருந்திருந்தால் அது அலமாரியில் இருந்திருக்கும், அடுக்களையில் இருந்திருக்காது. சென்னையிலும் பெங்களூரிலும் இப்போது எனாமல் குவளைக்கு ஒரு மோகம் வந்திருக்கிறது. பழைய தோற்றம் என்று வாங்கி, படம் எடுத்து, பேனா போட்டு வைக்கிறார்கள். இந்த மோகம் நிலைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பேனா வைக்கத் தகரடப்பா போதும்.

இனி உங்கள் அடுக்களை. எனாமலுக்கு இங்கே என்ன வேலை? கேழ்வரகுக் களிக்கு அது ஆகவே ஆகாது. துடுப்புப் போட்டு அழுத்திக் கிண்டுகிற வேலைக்கு எனாமலை நிறுத்தினால் நீங்களும் அழுவீர்கள், அதுவும் அழும். களிக்கு மண்சட்டியும் இரும்பும் கனமான அலுமினியமும் இருக்கின்றன, அவை போதும். சாமைச்சோறு வடிக்கவும் வேண்டாம். வறுவல், தாளிப்பு, வாணலி வேலை எதற்கும் வேண்டாம். ஆனால் மோருக்கு, தயிருக்கு, புளிக்கரைசலுக்கு, எலுமிச்சை ஊறுகாய்க்கு, பச்சை மிளகை உப்பிலும் எலுமிச்சைச் சாற்றிலும் போட்டு வைப்பதற்கு அதைவிட நல்ல பாத்திரம் சொல்லுங்கள் பார்ப்போம். புளிப்பு அலுமினியத்தைத் தின்னும். பித்தளைக்கு ஈயம் பூச வேண்டும், பூசுகிறவர்கள் வருவது அரிதாகிவிட்டது. அன்னாசி அறுத்து வைக்கிறீர்கள், பலாச்சுளை எடுத்து வைக்கிறீர்கள். வாடை பிடிக்காத பாத்திரம் இருந்தால் நல்லதுதானே. பழங்கால ஜாடி இருக்கிறதே என்று ஒரு பெரியம்மா முன்வரிசையிலிருந்து தலையாட்டுகிறார். இருக்கட்டும் அம்மா, ஜாடி இருக்கிற வீட்டில் எனாமலுக்கு அவசரமே இல்லை. ஜாடி உடைந்த வீட்டுக்குத்தான் சொல்கிறேன்.

இந்தப் பகுதியில் எனாமல் சூளை போட முடியுமா என்று வாசலில் நிற்கிற தம்பி ஒருவர் பேச்சுக்கு முன்பே கேட்டார். கல் இருக்கிறது, இரும்பு இருக்கிறது, பொறியியல் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இல்லாதது மெல்லிய, கரி மிகக் குறைவான தகட்டை மடிப்பு விழாமல் ஆழமாக அழுத்துகிற அச்சும், 850 டிகிரியில் ஏற்ற இறக்கமில்லாமல் நிற்கிற உலையும், எல்லாவற்றுக்கும் மேல் வாங்குகிற ஆளும்தான். அச்சு ஒன்று செய்யப் பெருந்தொகை ஆகும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அந்தக் காசு திரும்பும். வெள்ளை நிறம் சரியாக வரும்படி பழகவும் வருஷங்கள் ஆகும். பாத்திரத்தில் தொடங்க வேண்டாம் என்பேன். பலகையில் தொடங்கலாம். இந்த மலையின் பதினான்கு நாட்டுக்கும் ஊர்ப்பெயர் எழுதிய எனாமல் பலகை வைத்தால் மலை மழையில் பெயிண்ட் உரிகிற தொல்லை போகும். தட்டையான தகட்டுக்கு ஆழமான அச்சு தேவையில்லை. தட்டையில் கை தேறிய பிறகு கிண்ணத்துக்குப் போகலாம்.

கடைசியாக, காரைக்குடிப் பக்கம் போய்ப் பழைய எனாமல் வாங்க நினைப்பவர்களுக்கு. உள்பக்கத்தில் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்போ கருப்புப் பொட்டோ இருந்தால் சாப்பாட்டுக்கு வாங்காதீர்கள். உள்பக்கம் பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறமாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அந்தக் காலத்து நிறப்பொடிகளில் காட்மியமும் ஈயமும் கலந்திருக்கலாம். புளிப்பு பட்டால் அவை கசியும். புதிதாக வாங்கினால் உணவுக்கு ஏற்றது என்று அடியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பாத்திரத்தைத் தீயில் காய வைக்காதீர்கள், சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், நாரை விட்டுத் துணியால் தேயுங்கள், அடிப்பிடித்தால் தண்ணீரும் சோடா உப்பும் போட்டுக் கொதிக்கவிட்டு ஆறியபின் துடையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவே கூடாது, உள்ளே இருப்பது இரும்பு. அதே காரணத்தால் இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாம், அடி தட்டையாக இருந்தால். ஓரம் தெறித்த பழைய பாத்திரத்தில் ஈரமோ புளிப்போ வேண்டாம்; வெளிப்பக்கம் மட்டும் தெறித்திருந்தால் காய்ந்த சாமை, பருப்பு, மிளகு போட்டு வைத்துக்கொள்ளலாம். மிளகைப் பற்றிப் பேசவேயில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. வேறு சந்தேகம் இருந்தால் கேளுங்கள், கடைசி பஸ் வரும்வரை இங்கேதான் இருப்பேன்.